திரைக்குள் வெளிச்சம் – 11: துணியும் கண்ணாடியும்

காசியின் பழைய சந்து வீடுகளில் வானம் முற்றத்தின் அளவுக்குத்தான் தெரியும். நான்கு பக்கமும் மாடிகள் எழும்பி நிற்க, நடுவே ஒரு சதுரத் திறப்பு. உச்சிப் பொழுதில் சற்று நேரம் வெயில் நேராகத் தரையைத் தொடும். மற்ற நேரமெல்லாம் உள்ளே இறங்குவது வெயில் அல்ல, வானத்தின் வெளிச்சம். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. முற்றத்தில் நிற்பவரின் கன்னத்தில் மூக்கின் நிழல் விழாது. சுவரில் ஆள் நிழல் படியாது. குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் ஒரே மங்கலான வெண்மைக்குள் இருப்பார்கள்.

1956-இல் இந்த வெளிச்சத்தைக் கல்கத்தாவில், கூரை மூடிய ஒரு ஸ்டூடியோ தளத்துக்குள், விளக்குகளைக் கொண்டு உண்டாக்க வேண்டியிருந்தது. சத்யஜித் ராயின் இரண்டாவது படமான ‘அபராஜிதோ’வின் முற்பகுதி காசியில் நடக்கிறது. படித்துறைகளையும் சந்துகளையும் காசியிலேயே எடுத்துவிட்டார்கள். கதையின் நாயகனான சிறுவன் அபுவின் குடும்பம் குடியிருக்கும் வீட்டை மட்டும் கல்கத்தாவில் அரங்கமாக அமைப்பது, அதையும் திறந்த வெளியில் அமைப்பது என்பது முதல் திட்டம். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அரங்கத்தை ஸ்டூடியோவுக்குள் மாற்ற முடிவு செய்தார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது 25 வயது. ராயிடமும் பன்சியிடமும் அவர் வாதாடினார்: நிழலே விழாத வான வெளிச்சத்தை ஸ்டூடியோவில் கொண்டுவரவே முடியாது. வாதம் எடுபடவில்லை. அரங்கம் உள்ளேதான் எழுந்தது.

இந்திய சினிமாவின் ஒளிப்பதிவு வரலாற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டுமென்றால் நான் கோடு போடும் இடம் அந்தத் தளம்தான். அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பு வழக்கில் இருந்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம்.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் அரங்கச் சுவர்களுக்கு மேலே பலகைப் பரண் கட்டி, அதில் வரிசையாக விளக்குகளை ஏற்றுவார்கள். முகத்துக்கு ஒரு முதன்மை விளக்கு. அது உண்டாக்கும் நிழலைத் தளர்த்த எதிர்ப்பக்கத்தில் ஒரு நிரப்பு விளக்கு. கூந்தலின் ஓரம் மினுங்கவும், ஆளைப் பின்சுவரிலிருந்து பிரித்துக் காட்டவும் முதுகுப் பக்கம் ஒன்று. இந்த மூன்றும் எப்போதும் உண்டு. கதாநாயகி குடிசையில் அழுதாலும் அரண்மனையில் சிரித்தாலும் கூந்தல் மினுங்கும். ஒற்றை அகல் விளக்கு எரியும் அறையில் நடப்பவருக்குச் சுவரில் இரண்டு மூன்று நிழல்கள் விழும். பார்வையாளர்களும் பழகிவிட்டார்கள். இதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. அன்றைய ஃபிலிமுக்கு நிறைய வெளிச்சம் தேவைப்பட்டது. விளக்கை நேரே முகத்தில் பாய்ச்சினால்தான் அந்த அளவு கிடைக்கும். நட்சத்திரத்தின் முகத்தை அழகாகக் காட்டுவதுதான் ஒளிப்பதிவாளரின் முதல் கடமை என்று தயாரிப்பாளரும் நம்பினார், விநியோகஸ்தரும் நம்பினார். இருந்த வசதிக்குள் அற்புதங்கள் செய்தவர்கள் பலர். அவர்களைப் பற்றி இந்தத் தொடரிலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த முறையில் வெளிச்சம் முகத்துக்காக வந்தது, இடத்துக்காக வரவில்லை.

மித்ரா செய்தது இதுதான். சட்டத்தில் கட்டிய வெள்ளைத் துணியை அரங்கத்தின் மேலே, முற்றத்தின் திறப்புக்கு நேராக, வானத்தின் ஒரு துண்டைப் போல விரித்தார். விளக்குகளை நடிகர்களை நோக்கித் திருப்பாமல், கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்ட ஒளி சிதறிக் கீழே இறங்கியது. விளக்கு சிறிய புள்ளி. அதிலிருந்து நேரே வரும் ஒளி கூர்மையான நிழலை வெட்டும். துணி பெரிய பரப்பு. அதன் ஒவ்வொரு அங்குலமும் தனித்தனியே ஒளி அனுப்புவதால், ஒரு பக்கத்து ஒளி போடும் நிழலை மறுபக்கத்து ஒளி கரைத்துவிடும். இயற்பியலாகப் பார்த்தால் எளிய விஷயம். மேகம் மூடிய நாளில் வானம் செய்வதும் இதேதான். நடைமுறையில் இதற்குத் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் துணியில் பட்டுத் திரும்பும்போது ஒளியின் பெரும்பகுதி வீணாகிறது. இருக்கும் விளக்குகளெல்லாம் துணிக்கே போய்விட்டால், கூந்தலை மினுங்க வைக்க எதுவும் மிஞ்சாது. மித்ரா அதைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார்.

யார் இந்த இளைஞர்?

1949-இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்தை எடுக்கக் கல்கத்தாவுக்கு வந்தார். ஒளிப்பதிவு அவருடைய அண்ணன் மகன் கிளோத் ரெனுவார். ஓவியர் அகஸ்த் ரெனுவாரின் பேரன் என்று சொன்னால் இன்னும் எளிதாக விளங்கும். இந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் டெக்னிக்கலர் படங்களில் ஒன்று அது. கல்லூரி மாணவரான மித்ரா கேமரா உதவியாளராகச் சேர முயன்றார். இடம் இல்லை என்றார்கள். அப்பா கூடவே போய்ப் பேசியபின், ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியை அவர் பயன்படுத்திக்கொண்ட விதம்தான் அவரை ஒளிப்பதிவாளராக்கியது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கு எங்கே, கேமரா எங்கே, நடிகர் எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்று நோட்டில் படம் வரைந்து குறித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள், எடுத்த காட்சியை மறுபடி எடுக்க வேண்டி வந்தபோது, வெளிச்சத்தின் தொடர்ச்சியைச் சரிபார்க்க கிளோத் ரெனுவாரே அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

அதே படப்பிடிப்பை விடுமுறை நாட்களில் பார்க்க வந்துகொண்டிருந்தார் ஒரு விளம்பர நிறுவன ஓவியர். அவர் சத்யஜித் ராய். பன்சி சந்திரகுப்தா அங்கே கலைப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தார். பின்னாளில் வங்க சினிமாவை மாற்றிய மூவரும் ஒரு பிரெஞ்சுக்காரரின் படப்பிடிப்பில் கூடினார்கள்.

ராயின் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’யின் படப்பிடிப்பு 1952 அக்டோபரில் தொடங்கியபோது மித்ராவுக்கு வயது 22, அந்த மாதம்தான் அதை எட்டியிருந்தார். சினிமா கேமராவை அதற்கு முன் அவர் இயக்கியதே இல்லை. புகைப்படம் எடுத்த அனுபவம் மட்டும்தான். ராய் ஏன் அவரை எடுத்தார் என்பது எனக்கு விளங்குகிறது. கைதேர்ந்த ஒளிப்பதிவாளர் ஒருவரை அழைத்து வந்திருந்தால், படப்பிடிப்பு நடந்த போடால் கிராமத்து இடிந்த வீட்டுத் திண்ணையிலும் அவர் மூன்று விளக்குகளுக்கு இடம் தேடியிருப்பார். மித்ராவுக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. கார்த்தியே-பிரஸோனின் புகைப்படங்களை ராயும் அவரும் பன்சியும் வியந்து பேசுவார்கள். இருக்கிற வெளிச்சத்தில், இருக்கிற இடத்தில், மனிதரை அப்படியே பிடிப்பது எப்படி என்பதே அவர்களின் பேச்சு.

முதலில் எடுத்த காட்சி நாணல் காட்டில் அபுவும் அக்கா துர்காவும் ரயில் பார்க்கும் காட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி எடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் வெள்ளைப் பூக்கள் அத்தனையையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீதியை எடுக்க அடுத்த ஆண்டு பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பணத் தட்டுப்பாட்டால் வேறு பல இடைவெளிகளும் வந்தன. அந்த இழுபறியின் வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், நான் மீண்டும் சொல்லப் போவதில்லை. படம் 1955-இல் வெளிவந்தது. மித்ராவின் சிதார் வாசிப்பும் அந்தப் படத்தின் இசையில் சில இடங்களில் ஒலிக்கிறது.

அந்தப் படத்தில் அபு நமக்கு அறிமுகமாகும் ஷாட்டைப் பாருங்கள். போர்வைக்குள் தூங்கும் தம்பியை எழுப்ப துர்கா போர்வையின் கிழிசலை விரலால் விலக்குகிறாள். உள்ளே ஒரு கண். அது திறக்கிறது. திரை முழுக்க அந்தக் கண் மட்டும்தான். மூன்று படங்களில் நாம் எவனுடைய வாழ்க்கையைப் பின்தொடரப் போகிறோமோ அவனை முதலில் பார்ப்பவனாகக் காட்டிவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, முப்படத்தின் கடைசியான ‘அபுர் சன்சார்’ படத்தில், அபுவைக் கல்யாணம் செய்துகொண்டு கல்கத்தாவின் ஒற்றை அறைக்கு வரும் அபர்ணா ஜன்னலோரம் நிற்கிறாள். திரைச்சீலையில் ஓர் ஓட்டை. அதன் வழியே அவளுடைய கண், நீர் நிறைந்து. வறுமையை எத்தனையோ விதமாகக் காட்டலாம். ராயும் மித்ராவும் துணியின் கிழிசலையே சட்டகமாக்கி, அதற்குள் ஒரு மனிதப் பார்வையை வைத்தார்கள்.

இப்போது ‘அபராஜிதோ’வின் முற்றத்துக்குத் திரும்பலாம். மேலே விரித்த துணி கதைக்கு என்ன கொடுத்தது?

அபுவின் அப்பா ஹரிஹர் நோயில் கிடக்கிறார். மாடியில் குடியிருக்கும் நந்த பாபு படியிறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அபுவின் அம்மா சர்பஜயா தனியாக இருக்கும் சமையலறைக்குள் நுழைகிறார். அவள் அரிவாள்மணையைத் தூக்குகிறாள், அவர் ஓடுகிறார். வழக்கமான முறையில் இந்தக் காட்சிக்கு விளக்கு போட்டிருந்தால், படியிறங்கும் ஆளின் நிழல் சுவரில் பெரிதாகி, ‘வில்லன் வருகிறான்’ என்று நமக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கும். ஆனால் இந்த வீட்டில் இத்தனை நாள் விழாத நிழல் திடீரென்று விழ முடியாதபடி மித்ராவின் வெளிச்சம் ஏற்கெனவே நியாயம் வகுத்துவிட்டது. அந்த வீட்டில் தண்ணீர் பிடித்த, சமைத்த, பிள்ளையைக் கூப்பிட்ட அதே அன்றாட மங்கலுக்குள்தான் ஆபத்தும் நடந்து வருகிறது. அதனால்தான் அது உறைக்கிறது.

அடுத்தது ஹரிஹரின் மரணம். விடியற்காலையில் கங்கை நீர் கேட்கிறார். அபு செம்பெடுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடி, மொண்டு வருகிறான். நீர் வாய்க்குள் இறங்குகிறது, தலை சாய்கிறது. அந்தக் கணத்தில் படித்துறைக் கட்டடத்திலிருந்து புறாக் கூட்டம் ஒன்று சட்டென்று எழுந்து வானில் சுழல்கிறது. உலக சினிமாவில் மிகுதியாகப் பேசப்பட்ட வெட்டுகளில் ஒன்று இது. பேசுகிறவர்கள் புறாக்களைச் சொல்கிறார்கள். அந்த வெட்டு ஒட்டுவதற்குக் காரணமான வெளிச்சத்தைச் சொல்வது குறைவு. படித்துறையும் புறாக்களும் காசியில் எடுத்தவை. படுக்கை, கல்கத்தாவின் அரங்கத்தில். உள்ளே ஸ்டூடியோ வெளிச்சம் இருந்திருந்தால், தலை சாய்வது ஒரு நாடகத்திலும் புறா பறப்பது ஒரு செய்திப் படத்திலும் நடந்ததுபோல் பிளந்திருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே விடியல் இருப்பதால்தான், படுக்கையில் அடங்கிய மூச்சு ஆற்றங்கரையில் சிறகாக வெடிப்பதை நாம் நம்புகிறோம்.

‘அபராஜிதோ’ கல்கத்தாவில் ஓடவில்லை. 1957-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது.

அதே ஆண்டுகளில் பம்பாயில் இன்னொருவர் வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். வி.கே. மூர்த்தி. மைசூர்க்காரர், 1923-இல் பிறந்தவர், பெங்களூரில் ஒளிப்பதிவு படித்தவர். மித்ராவுக்கு சிதார் என்றால் இவருக்கு வயலின். இயக்குநர் குரு தத்தின் முதல் படமான ‘பாஸி’யில் (1951) இவர் உதவி ஒளிப்பதிவாளர். கண்ணாடியில் பிம்பம் தெரிய, கேமரா நகர்ந்து போகும் ஒரு சிக்கலான ஷாட்டை யோசனையாகச் சொன்னார். அதைத் தானே எடுத்தும் காட்டினார். அடுத்த படத்திலிருந்து குரு தத்துக்கு அவர்தான் ஒளிப்பதிவாளர்.

‘பியாஸா’வில் (1957) செத்துவிட்டதாக உலகம் நம்பும் கவிஞன் விஜய், தன் நினைவுக் கூட்டத்துக்கே வந்து நிற்கிறான். அரங்கின் வாசலில் இரு கைகளையும் விரித்து நிற்கும் அவனுக்குப் பின்னால் ஒளி. முகம் இருட்டு. உள்ளே இருப்பவர்களுக்கு அவன் யாரென்று தெரிவதற்கு முன், வெறும் வடிவமாக, சிலுவையில் அறைந்த உருவமாகத் தெரிகிறான். நட்சத்திரத்தின் முகத்துக்கு விளக்கு போடுவதுதான் முதல் கடமை என்ற விதியை மூர்த்தி எப்படி மீறினார் என்று இந்த ஒரு ஷாட்டில் பார்க்கலாம். படத்தின் உச்சக் கட்டத்தில், இயக்குநரும் நாயகனுமான மனிதரின் முகத்தையே அவர் இருட்டில் விட்டார்.

1959-இல் ‘காகஸ் கே பூல்’. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். நீண்டு அகன்ற அந்தச் சட்டகத்தைக் கூட்டத்தையும் கோட்டையையும் காட்டப் பயன்படுத்துவதுதான் அன்றைய உலக வழக்கம். குரு தத்தும் மூர்த்தியும் அதை வெறுமையைக் காட்டப் பயன்படுத்தினார்கள். யாருமற்ற ஸ்டூடியோ தளம். இயக்குநர் சுரேஷ் சின்ஹா ஒரு பக்கம், அவர் கண்டெடுத்த நடிகை சாந்தி இன்னொரு பக்கம். நடுவில் எவ்வளவோ இடம். இருவரும் காதலிக்கிறார்கள், சொல்லிக்கொள்ள வழியில்லை. பாடல் மட்டும் பின்னணியில் போகிறது. உயரத்திலிருந்து ஒரு பெரிய ஒளிக்கற்றை சாய்வாக இருட்டைப் பிளந்து தரையில் இறங்குகிறது. அவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, அவர்களின் ஆவிகள் போன்ற உருவங்கள் உடலைவிட்டு நடந்து வந்து அந்த ஒளிக்கற்றையில் சந்திக்கின்றன.

அந்தக் கற்றை எந்த விளக்கிலிருந்தும் வரவில்லை. இருந்த விளக்குகளின் ஒளி அவ்வளவு தூரம் அகலாமல், இணையான கோடுகளாக இறங்காது. மூர்த்தி வெயிலையே உள்ளே அழைத்து வந்தார். ஸ்டூடியோவுக்கு வெளியே ஒரு பெரிய கண்ணாடி சூரியனைப் பிடித்து உள்ளே அனுப்பியது. உள்ளே உயரத்தில் இருந்த இரண்டாவது கண்ணாடி அதை வாங்கித் தளத்தில் இறக்கியது. காற்றில் புகை கலந்ததும் கற்றை கண்ணுக்குத் தெரிந்தது. சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் கண்ணாடியைத் திருத்திக்கொண்டே எடுக்க வேண்டும். வெயில் இருக்கும் சில மணி நேரத்துக்குள் எடுத்தும் முடிக்க வேண்டும்.

இரண்டு பேரும் ஒளியைத் திருப்பித்தான் விட்டார்கள். ஒருவர் துணியில், ஒருவர் கண்ணாடியில். கண்ணாடி ஒளியைச் சிதறாமல் ஒரே திசையில் அனுப்பும்; அதனால் அது கத்தி முனையோடு வரும். துணி எல்லாத் திசையிலும் கலைத்துவிடும். மூர்த்தியின் வெளிச்சத்தை நாம் பார்க்கிறோம். அது காட்சிக்குள் ஒரு பாத்திரம். இரண்டு மனிதர்களுக்கு இடையே நிற்கும் மூன்றாவது ஆள். மித்ராவின் வெளிச்சத்தை நாம் பார்ப்பதேயில்லை. அது இருக்கிறது என்று தோன்றாமல் இருப்பதுதான் அதன் வேலை. சுரேஷும் சாந்தியும் இருப்பது சினிமா உலகம். அவர்களுடைய வாழ்க்கையே விளக்குகளால் ஆனது. அங்கே ஒளி தன்னைக் காட்டிக்கொள்வது கதைக்கு நியாயம். சர்பஜயா வாழ்வது வாடகை வீட்டின் கீழ்த்தளம். அங்கே ஒளி தன்னைக் காட்டிக்கொண்டால் அவளுடைய வாழ்க்கைமேல் நாம் வண்ணம் பூசியதாகிவிடும். முகத்துக்காக வந்த வெளிச்சத்தைக் கதைக்காக வரச் செய்ததில் இருவரும் ஒரே கட்சி.

எது பெரியது என்று கேட்டால், என் மனம் துணியின் பக்கம்தான் சாய்கிறது. கண்ணாடிக் கற்றையை ஒரு படத்தில் ஒருமுறைதான் செய்ய முடியும். இரண்டாம் முறை அது வித்தையாகிவிடும். துணி ஒரு முறையைத் தந்தது. அதை வைத்து ஆயிரம் வீடுகளுக்குள் போகலாம். ஆனால் ‘காகஸ் கே பூல்’ வெளிவந்தபோது தோற்றதும், அதன் பிறகு குரு தத் எந்தப் படத்திலும் இயக்குநராகத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளாததும் நினைவில் இருப்பதால், இந்தத் தீர்ப்பைச் சொல்லும்போது வருத்தமாகவும் இருக்கிறது. மூர்த்திக்கு அந்த ஒளிப்பதிவுக்காக ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்து, 2008-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் வந்தது. அந்த விருதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர்.

துணியின் வழி எங்கெல்லாம் போனது என்று பார்க்க ராயின் ‘சாருலதா’வுக்கு (1964) வர வேண்டும். 19-ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் ஒரு பணக்கார வீடு. பத்திரிகை நடத்தும் கணவன் பூபதி, தனிமையில் மனைவி சாரு. பன்சி சந்திரகுப்தா அந்த வீட்டை ஸ்டூடியோவில் எழுப்பினார். மித்ரா அதற்குப் பகல் கொடுத்தார். முதல் ஏழு நிமிடம் ஏறக்குறைய பேச்சே இல்லை. சாரு கைக்குட்டையில் கணவன் பெயரின் முதலெழுத்தைப் பின்னுகிறாள். புத்தகம் எடுக்கிறாள், வைக்கிறாள். கைப்பிடி வைத்த சிறிய பார்வைக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, ஜன்னல் ஜன்னலாக ஓடி, தெருவில் போகிறவர்களைச் சட்டங்களின் இடுக்கு வழியே பார்க்கிறாள். குடை பிடித்துப் போகும் பருத்த மனிதர் ஒரு ஜன்னலில் மறைந்தால் அடுத்த ஜன்னலுக்கு ஓடுகிறாள்.

பிறகு பூபதி வருகிறான். புத்தகத்தில் மூழ்கியபடி அவளைக் கடந்து தாழ்வாரத்தில் நடந்து போகிறான். அவள் நிற்பதையே கவனிக்கவில்லை. சாரு பார்வைக் கண்ணாடியை உயர்த்தி, தெருவில் போகும் அந்நியனைப் பார்த்ததைப் போலவே, தன் கணவனின் முதுகைப் பார்க்கிறாள். கையைத் தாழ்த்துகிறாள். அந்த நொடியில் கேமரா ஜூமில் சட்டென்று பின்வாங்குகிறது. அவள் அந்தப் பெரிய வீட்டில் சிறுத்து நிற்கிறாள். வசனம் எழுதியிருந்தால் ஒரு பக்கம் வந்திருக்கும். ஜூம் லென்ஸைச் சும்மா முன்னும் பின்னும் இழுத்து விளையாடிய எத்தனையோ படங்கள் அதன் பிறகு வந்தன. ஒரு திருமணத்தின் தூரத்தை அளக்க அதைப் பயன்படுத்திய படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

தோட்டத்து ஊஞ்சல் காட்சியில் கேமராவும் சாருவோடு ஆடுகிறது. அவள் முகம் சட்டகத்தில் அசையாமல் நிற்க, பின்னால் மரங்களும் வானமும் முன்னும் பின்னும் ஆடுகின்றன. கீழே புல்லில் கணவனின் உறவுத் தம்பி அமல் படுத்து எழுதிக்கொண்டிருக்கிறான். அதே பார்வைக் கண்ணாடியால் எதிர் வீட்டு ஜன்னலில் குழந்தையோடு நிற்கும் ஒரு தாயைப் பார்க்கிறாள். பிறகு அமலைப் பார்க்கிறாள். அவள் மனத்தில் என்ன நடந்தது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது, நமக்கும்.

இந்தப் படத்திலிருந்து கேமராவை இயக்கும் வேலையை ராய் தானே எடுத்துக்கொண்டார். ஒளியமைப்பு மட்டும் மித்ராவிடம். ‘நாயக்’ (1966) இருவரும் சேர்ந்து செய்த கடைசிப் படம். அந்தப் பிரிவைப் பற்றி இரு பக்கத்தவரும் நிறையச் சொன்னதுண்டு. எனக்கு அதில் தீர்ப்பு இல்லை. மித்ரா அதே காலத்தில் ‘தீஸ்ரி கசம்’ படத்தில் மாட்டு வண்டிப் பயணத்தின் பகலையும் இரவையும் எடுத்தார். ஜேம்ஸ் ஐவரியின் தொடக்க காலப் படங்கள் நான்குக்கு ஒளிப்பதிவு செய்தார். அதன் பிறகு மிகக் குறைவாகவே வேலை செய்தார். தான் நினைத்த வெளிச்சம் அமையாவிட்டால் ஷாட் எடுக்கச் சம்மதிக்காத பிடிவாதம் தயாரிப்பாளர்களுக்குப் பயமாக இருந்தது. 1986-இல் வந்த ‘நியூ டெல்லி டைம்ஸ்’ அவருக்குத் தேசிய விருது தந்தது. கடைசி ஆண்டுகளில் கல்கத்தாவில் சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியில் மாணவர்களுக்குக் கற்பித்தார். 2001 டிசம்பரில் காலமானார்.

ஒளியை ஒரு பரப்பில் பட்டுச் சிதறவிடும் முறையை ஐரோப்பாவிலும் சிலர் சில ஆண்டுகளுக்குள் கண்டடைந்தார்கள். பாரிஸில் ஒளிப்பதிவாளர் ராவுல் கூதார், இயக்குநர் கோதாரின் தொடக்கப் படங்களில் விளக்குகளை அறையின் கூரையை நோக்கித் திருப்பி எடுத்தார். சுவீடனில் இயக்குநர் பெர்க்மனும் ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்டும் ‘வின்டர் லைட்’ (1963) படத்துக்கு முன், குளிர்காலத் தேவாலயத்துக்குள் உட்கார்ந்து நிழலில்லாத வெளிச்சம் மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்று கவனித்தார்கள். உலகம் அவர்களைப் பற்றி நிறைய எழுதியது; மித்ராவைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியது. அவர்களுக்கு முன்பே, கல்கத்தாவில், பழைய கருவிகளை வைத்துக்கொண்டு, மழைக்குப் பயந்து உள்ளே வந்த ஓர் அரங்கத்தில் இது நடந்துவிட்டது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் படப்பிடிப்புக்குப் போயிருப்பவர்கள், நடிகருக்குப் பக்கவாட்டில் லைட்மேன் ஒருவர் வெள்ளைத் தெர்மோகோல் பலகையைச் சாய்த்துப் பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். விளக்கோ வெயிலோ அதில் பட்டு, மென்மையாகி, முகத்துக்குப் போகும். அது மித்ரா விரித்த துணி செய்த அதே வேலை. ஆனால் சென்னை ஸ்டூடியோக்கள் அந்த வழிக்கு வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. வங்கத்திலிருந்து வந்து சென்னையில் தங்கி ‘பாதை தெரியுது பார்’ (1960) இயக்கிய நிமாய் கோஷ் போன்ற தனி மனிதர்கள் முன்னதாகவே இங்கே இருந்தார்கள். ஸ்டூடியோ வழக்கம் மட்டும் அசையவில்லை. நட்சத்திரத்தின் முகம் அவ்வளவு வலுவான ஆட்சியாக இருந்தது. அதை அசைத்தவர்களில் முக்கியமானவர் மட்டக்களப்பிலிருந்து புனே திரைப்படக் கல்லூரிக்குப் படிக்க வந்தவர். 1977-இல் ‘கோகிலா’ என்ற கன்னடப் படத்துக்காகவும், 1982-இல் ‘மூன்றாம் பிறை’க்காகவும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்ற பாலு மகேந்திரா. ஊட்டியின் பனியிலும் கிராமத்து வீட்டுத் திண்ணையிலும் அவர் எந்த விளக்குகளை எடுத்தார், எவற்றை அணைத்தார் என்பது அடுத்த அத்தியாயம்.

(தொடரும்)